மெசின் தேடி நின்ற பட்டன்

நல்லூர்த் திருவிழா நடக்கும் நாள்களில் எங்கள் ஒபிசுக்குப் போய்ச் சேருவதே பெரிய சாதனை. கோயிலைச் சுற்றி எல்லா வீதிகளையும் மறித்துவிடுவார்கள். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, மறிப்புக்கு வெளியே இறங்கி, காப்பு விற்பவர், ஐஸ்கிரீம் விற்பவர், காவடி, கச்சான் கடலைக் கடை எல்லாவற்றையும் விலத்திக்கொண்டு, லப்டொப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நடக்க வேண்டும். அன்று நான் மாடிப்படி ஏறும்போது ஒலிபெருக்கியில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால் சுவரில் தொங்கும் பெரிய திரையில் வேறொரு சிவப்பு. பெருக்கல் குறி போலப் பிழைக்குப் போடும் புள்ளடி. நேற்றும் அதேதான். முந்தாநாளும் அதேதான்.

அந்தப் புள்ளடியை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு ரியூசன் வகுப்பின் மேல்மாடியில் இருக்கும் சின்னக் கொம்பனி எங்களுடையது. பெரும்பாலும் வெளிநாட்டு வேலைதான். ஊருக்கென்று நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று: குருநகர்க் கரையில் நடக்கும் மீன் ஏலத்துக்கான போன் அப். படகு கரைக்கு வந்ததும் சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், என்ன மீன், எவ்வளவு என்று போனில் போடுவார். வாங்குபவர்கள் தங்கள் விலையைக் கேட்பார்கள். கூடின விலைக்கு மீன் போகும். கரையில் எல்லோரிடமும் நல்ல போன் இல்லாததால் ஒரே போனைப் பலர் மாறி மாறிப் பாவிப்பார்கள். ஆகவே ஒருவர் தன் கணக்கிலிருந்து வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அப்பில் நாங்கள் ஒரு எழுத்தை மாற்றினாலும், எங்கோ கடல் கடந்த நாட்டிலிருக்கும் ஒரு மெசின் விழித்தெழுந்து எல்லாவற்றையும் சோதிக்கும். அதுவே பிரவுசரைத் திறக்கும், சம்மாட்டியாக உள்ளே போகும், பாரை மீன் என்று போடும், வெளியே வரும். பிறகு வாங்குபவராக உள்ளே போய் விலை கேட்கும், வெளியே வரும். திரும்பவும் சம்மாட்டியாகப் போய் விற்கும். இப்படி ஏராளமான சோதனைகள். எல்லாம் சரியென்றால் பச்சைச் சரி. பிழை வந்தால் சிவப்புப் புள்ளடி. அந்த மெசின் எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது. ஓசிச் சாப்பாட்டுக்கு உப்புக் காணாது என்று சண்டை பிடிக்க முடியாதுதானே. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால், சோதனை முடிந்ததோ இல்லையோ, கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். அப்போதும் புள்ளடிதான். எங்களுக்கு விழுந்துகொண்டிருந்தது இந்த இரண்டாவது வகை. எந்தச் சோதனையிலும் பிழை வரவில்லை. முடியவில்லை, அவ்வளவுதான்.

பச்சை வராமல் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்பது அண்ணையின் சட்டம். அண்ணை என்றால் எங்கள் முதலாளி. ஒருமுறை சோதிக்காமல் அனுப்பி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்டபோது குறைத்துக் கேட்டவருக்கு மீன் போய், கரையில் அடிபிடி வந்துவிட்டது. அதைத் திருத்தின புதுப் பதிப்புத்தான் இப்போது புள்ளடியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"தங்கச்சி, திருவிழா விரதம் முடிஞ்ச அடுத்த நாள் யாழ்ப்பாணம் முழுக்க மீனுக்கு அலையும்," என்றார் அண்ணை. "அண்டைக்குக் கரையிலை சரியா ஓடேல்லையெண்டா மீன்பிடிச் சங்கம் எங்களை விட்டிடும். பழையபடி கத்தித்தான் ஏலம். சங்கத்துப் பெரிய சம்மாட்டி நேரை சொல்லிப்போட்டார்."

"விட்டா?"

"விட்டா ஊர் வேலை முடிஞ்சுது. உன்னை அதுக்கெண்டுதானே எடுத்தனான்."

பகிடி இல்லை. நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வேலை போனால் அடுத்தது கொழும்புதான். அங்கே என் மச்சாள் ஏற்கெனவே மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறாள். நான்காவது பாய்க்கு இடமிருக்கிறதா என்று அம்மா அவளிடம் போனில் விசாரித்தும் விட்டாள். எனக்குக் கொழும்பு வேண்டாம். எனக்கு என் ஊர் பஸ், என் அம்மாவின் சோறு, என் சொந்தக் கட்டில் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் வாய் இருக்கிறதே. "உது ஒரு விசயமே அண்ணை? பின்னேரத்துக்குள்ளை முடிச்சுத் தாறன்," என்றேன்.

எதிர் மேசையிலிருந்த அக்கா சிரித்தாள். அக்காதான் அப்பில் வரும் தமிழ்ச் சொற்களுக்குப் பொறுப்பு. மிஷன் பாடசாலையில் படித்து, ஞாயிறு தோறும் சேர்ச்சில் பாட்டுப் பாடி வளர்ந்தவள். ஒரு புள்ளி பிழைத்தாலும் விடமாட்டாள். திருவிழாக் காலத்தில் நான் விரதமென்று கத்தரிக்காயும் பருப்பும் தின்ன, அவள் என் முன்னாலேயே இறால் பொரியலைத் திறந்து வைத்து, "மணக்குதோ? அங்காலை திரும்பி இரு" என்பாள். அந்த வகை.

"எந்தப் பின்னேரம் எண்டு சொல்லு பிள்ளை. நான் நாள்காட்டியிலை குறிக்க," என்றாள்.

முதலில் என் லப்டொப்பில் எல்லாச் சோதனைகளையும் ஓடவிட்டேன். ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் பச்சை. "பாத்தீங்களா? என்ரை பக்கம் ஒரு பிழையும் இல்லை," என்று கையை விரித்தேன்.

"அப்ப சம்மாட்டிக்கு உன்ரை லப்டொப்பைக் குடுத்து விடுவமோ?" என்றார் அண்ணை.

சரி, அந்த ஓசி மெசின் மெதுவானது, அதுதான் காரணம் என்று முடிவெடுத்தேன். எங்கள் சோதனையில் ஒரு பொறுமை எல்லை இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டனைத் தேடும்போது அரை நிமிடம் வரை அது கண்ணில் படுகிறதா என்று மெசின் பார்த்துக்கொண்டு நிற்கும். பாவம், மெதுவான மெசின், கொஞ்சம் கூடுதலாக அவகாசம் கொடுப்போம் என்று அரை நிமிடத்தை ஒரு நிமிடமாக்கினேன். அனுப்பினேன். அக்காவின் மேசையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

புள்ளடி.

அதுவும் சும்மா புள்ளடியில்லை. முந்தி முக்கால்வாசிச் சோதனையாவது முடிந்த பிறகுதான் மெசின் கழுத்தைப் பிடிக்கும். இப்போது அரைவாசி கூட முடியவில்லை. நான் உதவி செய்யப் போய் இன்னும் மெதுவாகிவிட்டது.

"காலை எடு," என்றாள் அக்கா.

அடுத்த இரண்டு நாளும் நான் என்ன செய்யவில்லை என்று கேளுங்கள். சோதனைகளின் வரிசையை மாற்றி மாற்றி ஓடவிட்டேன். படங்களை எல்லாம் கழற்றினேன். ஒபிஸ் இன்ரநெற்றைத் திட்டினேன். ஒலிபெருக்கியைக்கூடத் திட்டினேன், அதற்கும் கடல் கடந்த மெசினுக்கும் என்ன சம்பந்தமோ. கடந்த வாரங்களில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று பழைய மாற்றங்களைப் பின்னோக்கி வாசித்தேன். மெதுவாக்கும்படி ஒருவரும் ஒன்றும் செய்திருக்கவில்லை. வெளியே தேர் இழுத்தார்கள். அடுத்த நாள் தீர்த்தம். ஒவ்வொரு நாள் திருவிழா முடியும்போதும் நான் ஒரு படி கொழும்புக்குக் கிட்டப் போவது போல இருந்தது.

மூளை வேலை செய்தது கச்சான் கொறிக்கும்போதுதான். நான் அரை நிமிடத்தை ஒரு நிமிடமாக்கியதும் ஏன் இன்னும் மெதுவானது? பட்டன் கொஞ்சம் பிந்தி வந்தாலும், வந்தவுடன் மெசின் அதை அமத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் அதற்குத் தேவையான அளவைத்தான் எடுக்கும். நான் கொடுத்த முழு அவகாசத்தையும் ஏதோ ஒன்று தின்று முடிக்கிறதென்றால், மெசின் எதையோ தேடுகிறது, அது வரவே இல்லை. மெதுவும் இல்லை மண்ணும் இல்லை. வராத ஒன்றுக்காக நிற்கிறது.

"அக்கா!" என்று கத்தினேன். "இஞ்சை வாங்கோ! வந்து பாருங்கோ!"

"என்ன, பாம்போ?"

அந்த மெசின் தான் செய்வதையெல்லாம் வீடியோவாகவும் எடுத்து வைக்கும். ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. கலியாண வீடியோ மாதிரி, இருக்கும், அவ்வளவுதான். நான் போட்டேன். அக்கா கதிரையை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். திரையில் ஆளில்லாத கையொன்று சம்மாட்டியாக உள்ளே போனது. பாரை மீன் என்று எழுதியது. எடை போட்டது. எல்லாம் மின்னல் வேகம். பிறகு பட்டென்று நின்றது.

நின்றது நின்றதுதான். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு அசையாத ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூங்கிப்போச்சோ?" என்றாள் அக்கா.

"ஏதோ தேடுது."

"என்னத்தை?"

சோதனையைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் மெசின் செய்ய வேண்டியது, கணக்கிலிருந்து வெளியே வருவது. அதற்காக அது திரையில் தேடுவது இரண்டு சொற்களில் ஒன்றை: ஆங்கிலத்தில் லொக்அவுட், தமிழில் 'வெளியேறு'. எனக்கு முந்தி இந்த வேலையில் இருந்து அதை எழுதிய அண்ணா ஒருவர் இப்போது மெல்பேணில். கெட்டிக்காரர். பட்டன் கிடைக்காவிட்டால் சோதனையில் பிழை வரக் கூடாது என்று ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தார்: முழு நேரமும் காத்திருந்து பார், அப்படியும் இல்லையென்றால் கணக்கைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போ. அதனால்தான் ஒன்றிலும் பிழை வரவில்லை. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் முழு அவகாசமும் நின்று, கிடைக்காமல், சத்தமில்லாமல் சுவரேறிக் குதித்துப் போயிருக்கிறது. ஒரு மீன் விற்க இரண்டு மூன்று தரம் வெளியே வர வேண்டும். அப்படி எத்தனை மீன்!

"ஆனா பட்டன் இருக்குத்தானே," என்று திரையைத் தொட்டேன். மேல் மூலையில் பட்டன் இருந்தது. அதில் எழுதியிருந்தது: 'போட்டு வாறன்'. போய்விட்டு வருகிறேன் என்று வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது நாங்கள் சொல்வது.

அக்கா கையை வாயில் வைத்தாள். "ஐயோ கடவுளே. அது என்ரை பட்டன்."

அப்பில் வரும் சொற்கள் தனியாக ஒரு இடத்தில் இருக்கின்றன. அக்கா அதற்குள் போய் நேரே மாற்றுவாள். எங்கள் நிரலில் ஒரு வரியும் மாறாது. அதுதான் பழைய மாற்றங்களை நான் தலைகீழாக வாசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"அப்ப உன்ரை லப்டொப்பிலை மட்டும் எப்பிடி ஓடினது?" என்றாள்.

இதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை. என் லப்டொப் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து அப்பும் ஆங்கிலத்தில் வருகிறது. லொக்அவுட் உடனே கிடைத்துவிடுகிறது. குருநகர் ஆக்களுக்கு என்று தமிழில் ஓடவிட்டது அந்த வெளிநாட்டு மெசினை மட்டும்தான்.

அக்காவுக்கு நான் சொல்லாமலே விளங்கிவிட்டது. "ஓகோ. அங்கை இருக்கிற மெசின் தமிழ் படிக்குது. புத்தூரிலை பிறந்த ராசாத்திக்கு இங்கிலீசு."

"போதும் அக்கா."

"முகநூலிலை மட்டும் தமிழ் தமிழ் எண்டு கத்துவாய்."

சத்தம் கேட்டு அண்ணை வந்தார். விசயத்தைச் சொன்னோம். அவர் முகம் கோபுர விளக்குப் போட்டது போலானது. "அப்ப என்ன, பழைய சொல்லைத் திருப்பிப் போடு. வெளியேறு. ஐஞ்சு நிமிச வேலை. அனுப்பு."

"ஏலாது," என்றாள் அக்கா.

"ஏன் ஏலாது?"

"நான் கரைக்குப் போகேக்கை அந்தப் பட்டனை ஒருத்தரும் அமத்திறேல்லை அண்ணை. சம்மாட்டி போனை என்ரை கையிலை தந்து, 'பிள்ளை, உதை நீயே அமத்து, நான் மாட்டன்' எண்டவர். ஏன் ஐயா எண்டன். 'கடலுக்கு வெளிக்கிடுற மனுசன் வெளியேறு எண்டு அமத்திப்போட்டுப் போறதோ? வீட்டிலை நான் போறன் எண்டு சொன்னாலே மனுசி செருப்பைத் தூக்குவா' எண்டார். ஆக்கள் அமத்தாமல் அப்பிடியே விட்டுட்டுப் போக, அடுத்தவன்ரை மீன் இவரின்ரை கணக்கிலை விழுந்துது. மாத்தின பிறகுதான் எல்லாரும் அமத்தினம். சிலர் சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு தரம் அமத்தினம்."

"தங்கச்சி, அது வெறும் பட்டன்," என்றார் அண்ணை அவளிடம்.

"உங்கடை வீட்டிலை வெளிக்கிடேக்கை என்ன சொல்லுறனீங்கள்?"

அண்ணை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"அதோடை," என்றாள் அக்கா, குரலைக் கொஞ்சம் இறக்கி, "அந்தச் சனத்துக்கு வெளியேறு எண்டு சண்டைக் காலத்திலை ஏற்கெனவே கனபேர் சொல்லிப்போட்டினம். நாங்களும் சொல்லோணுமே?"

ஒலிபெருக்கியில் தொலைந்த பேர்ஸ் ஒன்றைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லை மாத்தாமல் உன்னாலை ஏலுமோ? வடிவா யோசிச்சுச் சொல்லு. அந்தப் பின்னேரக் கதை வேண்டாம்."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை," என்றேன். இந்த முறை வாயால் மட்டும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மெசின் பட்டனை அதன் முகத்தில் எழுதியிருக்கும் சொல்லை வைத்துத் தேடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளத்தைப் பட்டனின் முதுகில் ஒட்டிவிட்டால், முகத்தில் அக்கா என்ன எழுதினாலும் மெசினுக்குக் கவலையில்லை. ஒட்டினேன். மெல்பேண் அண்ணாவின் குறுக்குவழியையும் பிடுங்கி எறிந்தேன். இனிப் பட்டன் இல்லையென்றால் சுவரேறிக் குதிக்காமல் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவகாசத்தையும் சில விநாடிகளாகக் குறைத்தேன். அனுப்பினேன்.

இந்த முறை ஓட்டம் பறந்தது. கொஞ்ச நேரத்திலேயே முடிந்தது. அரைவாசிக்கு மேல் சிவப்பு.

"என்னடி இது?" என்றாள் அக்கா.

"நல்லதுதான் அக்கா. இப்ப பொய் சொல்லாமல் பிழையைக் காட்டுது." அப்படிச் சொன்னாலும் என் காதுக்குள் கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தது.

மீனை விற்கும்போது 'நிச்சயமாக விற்கவா?' என்று அப் கேட்கும். 'ஆம்' என்ற பட்டனை அமத்த வேண்டும். அங்கேயும் இதே குறுக்குவழிதான் மூடி மறைத்திருக்கிறது, அதைப் பிடுங்கியதும் பிழை வெளியே வந்துவிட்டது.

நான் மெதுவாகத் தலையைத் திருப்பினேன். "அக்கா. ஆம் எண்டதை என்ன செய்தனீங்கள்?"

அக்கா இறால் டப்பாவின் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். "ஆர் இஞ்சை ஆம் எண்டு கதைக்கிறது? ஓம் எண்டு போட்டன்."

"ஓமோ?"

"ஓம்."

"வேறை என்னெல்லாம் மாத்தினனீங்கள்? இப்பவே சொல்லிப்போடுங்கோ."

வரிசையாகச் சொன்னாள். 'தயவுசெய்து காத்திருக்கவும்' இப்போது 'கொஞ்சம் பொறுங்கோ'. 'மீண்டும் முயற்சிக்கவும்' இப்போது 'இன்னொருக்கால் பாருங்கோ'. பிழையான கடவுச்சொல் அடித்தால் அப் 'உது சரியில்லை' என்று சொல்கிறதாம். நானும் அண்ணையும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றின் முதுகிலும் அடையாளம் ஒட்டினேன். அக்கா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, ஒன்றும் விடாமல். என் லப்டொப்பையும் தமிழுக்கு மாற்றினாள், கேட்காமலே. அன்றிலிருந்து எனக்கு எந்த மெனுவும் எங்கே இருக்கிறதென்று தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம், நான் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முந்தியே, சுவரில் பச்சைச் சரி. ஒரு மணித்தியாலம் எங்கே, ஒரு பிளேன்ரீ எங்கே. அண்ணை கையைத் தட்டினார். கீழே ரியூசன் வகுப்பில் வாத்தியார் சத்தம் போட வேண்டாம் என்று கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டைத் தட்டினார். புதுப் பதிப்பு குருநகர்ப் போன்களுக்குப் போனது.

ஆனால் பச்சை என்பது எங்கள் சுவரில்தானே. திருவிழா முடிந்து, கடைசிப் பூசையான வைரவர் மடையும் முடிந்த அடுத்த காலை, நாங்கள் மூன்று பேரும் கரைக்குப் போனோம். அவ்வளவு சனத்தை நான் அங்கே கண்டதில்லை. நல்லூர்ப் பக்கத்து முகங்கள் பாதி. நேற்றுவரை திருநீறும் பால்செம்புமாகத் திரிந்தவர்கள் இன்றைக்குப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு மீன் கூடையைச் சுற்றி நின்றார்கள். படகுகள் வரத் தொடங்கின. சம்மாட்டி, காது மடலில் பென்சில் செருகிய பெரிய மனிதர், போனைக் கையில் எடுத்தார்.

பாரை போட்டார். விலைகள் ஏறின. இரண்டு வியாபாரிகள் ஒரே நேரத்தில் அமத்தினார்கள். அண்ணை என் முழங்கையைப் பிடித்தார். மீன் கூட்டிக் கேட்டவருக்கே போனது. குறைத்துக் கேட்டவர் தன் போனைப் பார்த்து, "சனியன், சரியாத்தான் சொல்லுது," என்று சொல்லிக்கொண்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தார். அடிபிடி இல்லை.

பிறகு விளைமீன், திருக்கை, நண்டு. கூடைகள் காலியாகிக்கொண்டே போயின. வெயில் ஏறியபோது சம்மாட்டி எங்களிடம் வந்தார்.

"தம்பி, உங்கடை சாமான் ஓடுது," என்றார் அண்ணையிடம். "சங்கத்திலை நான் கதைக்கிறன். வைச்சிருப்பம். ஆனா ஒண்டு. எழுத்துச் சின்னன். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியேல்லை. ஆர் அதுக்குப் பொறுப்பு?"

அண்ணை என் பக்கம் கையைக் காட்டினார். "உந்தப் பிள்ளைதான் ஐயா. இனி எங்களோடைதான் நிக்கப்போறாள். நிரந்தரம். எப்ப வேணுமெண்டாலும் பேசலாம்."

நிரந்தரம் என்பதை இப்படியா சொல்வது? ஒரு கூடைத் திருக்கைக்கு மேலாக? நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டது மட்டும் ஞாபகம். அந்த இடம் இரண்டு நாள் நொந்தது.

சனத்திலிருந்து விலகி, சேர்ச் மதிலோரம் போய் நின்று அம்மாவுக்கு அழைத்தேன். அங்கால் தேங்காய் துருவும் சத்தம்.

"அம்மா, நான் கொழும்புக்குப் போகேல்லை. வேலை நிரந்தரமாக்கிட்டினம். மச்சாளுக்குச் சொல்லிவிடுங்கோ, பாய் வேண்டாமெண்டு."

துருவும் சத்தம் நின்றது. அம்மா அழப்போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"நீ இப்ப குருநகரிலையோ நிக்கிறாய்?"

"ஓம்."

"விளைமீன் இருக்கோ?"

"இருக்கு அம்மா. நான் சொன்னது கேட்டதோ?"

"கேட்டது, கேட்டது. அப்ப ஏன் நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறாய்? முடியப்போகுது, பெரிசாப் பாத்து எடு. தலையை வெட்டி எறிய விட்டுடாதை. அப்பா தோட்டத்தாலை வரமுந்திக் கெதியா வா."